பி0171 கோடு வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டுமா?

செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனர் பி0171 காட்டுகிறது, மெக்கானிக் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். உங்கள் வண்டியில் காற்று அதற்கு மேல் போகிறது என்பதுதான் அந்தக் கோடு. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து அதைச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான்; பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும்.

ஸ்கேனரில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூல் டிரிம் (என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கணக்கு) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பது) உள்ள வண்டியில், ஐடிலில் +20 சதவீதம் இருந்து 2500 ஆர்பிஎம்மில் +5க்கு இறங்கினால், எங்கோ வேக்குவம் கசிகிறது, அதாவது அந்த சென்சார் அளக்காத காற்று உள்ளே நுழைகிறது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். என் காரில் பென்சில் தடிமன் ஹோஸ் ஒன்று. வளைத்துப் பிடித்தபோதுதான் விரிசல் வாய் திறந்தது.

மாறாக, வேகம் கூடக்கூட டிரிம் ஏறினால் ஃப்யூல் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் அழுக்கு படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே போதும், கம்பியில் விரல் படக்கூடாது.