அந்தக் காலக் கப்பல்காரர்கள் போதையில் இருப்பவனை என்னென்ன சொல்லிக் கிண்டல் செய்தார்கள்?

ஆங்கிலேய மாலுமிகளிடம் இதற்குப் பஞ்சமே இல்லை. எனக்குப் பிடித்தது ‘த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்’, அதாவது மூன்று ஷீட்டும் காற்றோடு. ஷீட் என்றதும் பலரும் பாய்த்துணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, அது கயிறு. பாயின் கீழ்முனையில் கட்டி, காற்றுக்குத் தக்கபடி இழுத்தோ நெகிழ்த்தோ பிடிப்பது. நம் கரையில் பாய் விரித்து ஓடிய பெரியவர்கள் தாமான் என்பார்கள்.

கேடட்டாக இருந்தபோது சின்னப் பாய்ப்படகு ஒன்றில் அந்தக் கயிறு என் கையிலிருந்து நழுவிவிட்டது. பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, அதன் அடிக்கட்டை என் காதை உரசிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. படகு எந்தத் திசையிலும் போகாமல் நின்ற இடத்திலேயே தள்ளாடியது. ஒரு கயிற்றுக்கே இந்தக் கூத்து! மாலுமிகள் கணக்கும் அதுதான்: லேசாக ஏறியவனுக்கு ஒரு ஷீட், நிற்க முடியாதவனுக்கு மூன்று.

‘ஸ்ப்ளைஸ் த மெயின்பிரேஸ்’ என்பதும் கயிற்றுக் கதைதான். பிரதானப் பாய்மரத்தின் குறுக்குக் கட்டையைத் திருப்பும் தடித்த கயிறு அறுந்தால், அதைப் பின்னி இணைப்பது பெரும்பாடு. முடித்தவர்களுக்குக் கூடுதல் ரம். போகப்போக கயிறு அறுந்தாலும் அறாவிட்டாலும், கூடுதல் ரம்முக்கே அது பெயராகிவிட்டது.

அப்புறம் ‘குரோகி’. பிரிட்டிஷ் கடற்படையில் ஆளுக்குத் தினம் அரை பைன்ட், அதாவது ஏறக்குறைய கால் லிட்டர் ரம், அதுவும் ராவாக. 1740-இல் அட்மிரல் எட்வர்ட் வெர்னன், ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து இரண்டு வேளையாகக் கொடுக்கச் சொன்னார். குரோகிரம் என்ற முரட்டுத் துணியில் மேலங்கி போடுவார் என்பதால் அவருக்கு ‘ஓல்ட் குரோக்’ என்று பட்டப்பெயர். கடுப்பான மாலுமிகள் அந்தத் தண்ணீர் ரம்முக்கும் அதே பெயரை வைத்தார்கள். அதைக் குடித்துக் கிறங்கியவன் குரோகி. தினசரி ரம் 1970 ஜூலை 31-ஆம் தேதியோடு நின்றுபோனது.

போரில் இறந்த பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் உடலைப் பிராந்திப் பீப்பாயில் வைத்திருந்தபோது, அதைக்கூட விடாமல், மாலுமிகள் அதில் துளை போட்டு உறிஞ்சினார்கள் என்பது வெறும் கதை. பீப்பாய்க்குக் காவல் இருந்தது.

இன்று கப்பலில் பணியில் இருப்பவர் ஊதிக் காட்டினால் ஒரு லிட்டர் மூச்சில் 0.25 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டக் கூடாது. ‘குரோகி’ மட்டும் இன்னும் இறங்கவில்லை. நள்ளிரவு 12 முதல் 4 வரை வாட்ச் முடித்து, ஒரு சொட்டுகூடத் தொடாமல் கண் செருகி மெஸ்ஸுக்குள் நுழைகிற எங்களைப் பார்த்துத்தான் அதைச் சொல்வார்கள்.