நீல அட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பனிப்போர் உண்மையிலேயே முதலாளித்துவத்துக்கும் கம்யூனிசத்துக்கும் நடந்த கொள்கைப் போர்தானா, இல்லை இரண்டு வல்லரசுகளின் அதிகாரப் போட்டிக்குக் கொள்கை வெறும் போர்வையா? என் அப்பா நாற்பது வருஷம் கட்சியில் இருந்தவர். தை மாதம் தவறிவிட்டார். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய மாஸ்கோ புத்தகங்கள். எல்லாம் பிரச்சாரத்துக்காக அடிமாட்டு விலைக்கு அனுப்பியவை என்கிறார்கள். இரண்டு தரப்பும் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள், அப்பாவும் ஏமாந்திருக்கிறார் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கடைசியில் ஜெயித்தது யார்? அமெரிக்கா–சீனா மோதல் அடுத்த பனிப்போரா? பழைய புத்தகக் கடைக்காரர் பெட்டியை மொத்தமாகக் கேட்கிறார்.

ஆர்., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள ஆர்.,

அப்பாவின் மறைவுக்கு என் அஞ்சலி.

ஜெயித்தது யார் என்பதெல்லாம் கிரிக்கெட்டுக்கான கேள்வி. சீனாவைப் பற்றிப் பேச யூடியூபில் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

போர்வையா, போரா? இரண்டும்தான். 1954இல் குவாத்தமாலாவில் அமெரிக்கா அர்பென்ஸ் ஆட்சியைக் கவிழ்த்ததையும், 1956இல் சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் புடாபெஸ்டுக்குள் புகுந்ததையும் அதிகாரக் கணக்கைக் கொண்டே பெரும்பாலும் விளக்கிவிடலாம். ஆனால் கொள்கை வெறும் போர்வை என்றால், ஓர் உளவு நிறுவனம் எதற்காக நாவல் அச்சடித்தது?

கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். ரஷ்ய எழுத்தாளர் பாஸ்டர்நாக்கின் 'டாக்டர் ஷிவாகோ' நாவலை மாஸ்கோவில் வெளியிட மறுத்துவிட்டார்கள். கைப்பிரதி இத்தாலிக்குப் போய் 1957இல் இத்தாலிய மொழியில் வந்தது. வெளியிட்ட ஃபெல்ட்ரினெல்லியே கம்யூனிஸ்ட்தான், கட்சி நெருக்கியும் மசியவில்லை. மறுவருஷம் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அதை ரஷ்ய மொழியில் ஹாலந்தில் ரகசியமாக அச்சடித்து, பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனது. அங்கே வாடிகன் அரங்குக்கு வந்த சோவியத் பயணிகளின் கையில் சத்தமில்லாமல் கொடுத்தார்கள். நீலத் துணி அட்டை போட்ட கெட்டி பைண்டிங். ஊர் திரும்பும்போது சிக்கிவிடக் கூடாதே! வாங்கியவர்கள் அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு, தாள்களைப் பிரித்துப் பிரித்துச் சட்டைப்பையிலும் கோட்டுப்பையிலும் செருகிக்கொண்டார்கள். கண்காட்சி மைதானத்தில் நீல அட்டைகள் மட்டும் கிடந்தன.

அப்படிச் செருகிக்கொண்ட ஒரு ரஷ்யரை நினைத்துப் பாருங்கள். அவர் சி.ஐ.ஏ.விடம் ஏமாந்தவரா? கொடுத்தவனுக்கு சோவியத் தலைவர் க்ருஷ்சேவைச் சந்தியில் நிறுத்த வேண்டும். வாங்கியவருக்கு வேண்டியது பாஸ்டர்நாக். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு அவர் படிக்க உட்காரும்போது கொடுத்தவனுக்கு அங்கே என்ன வேலை?

இதை அப்படியே திருப்பிப் போட்டால் உங்கள் அப்பா. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் ஒன்றும் தமிழர் மேல் உள்ள பாசத்தில் தமிழில் அச்சடிக்கவில்லை, சரி. அதற்காக "ஏமாந்திருக்கிறார்" என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? பெட்டியைத் திறந்தாவது பார்த்தீர்களா? என் அனுபவத்தில் சொல்கிறேன், லெனின் தொகுதிகளில் பாதி பிரித்த மடிப்பே தெரியாமல் இருக்கும். செகாவ் நைந்து போயிருப்பார். எது பிரச்சாரம், எது இலக்கியம் என்று உண்டியல் குலுக்கிய மனிதருக்குத் தெரியாமல் போகவில்லை. 1991 டிசம்பரில் கிரெம்ளினில் செங்கொடி இறங்கியதைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலை கூலித் தகராறு பேச யாருடைய களத்துக்கோ சைக்கிளில் போயிருப்பார். ஏமாந்தவன் அன்றைக்கே வீட்டோடு படுத்திருப்பான். மாஸ்கோ கவிழ்ந்ததால் உங்கள் ஊரில் கூலி கேட்பது தப்பாகிவிடுமா? கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. உங்கள் மேல் மட்டும் இல்லை. இதே வார்த்தையை என் சித்தப்பாவைப் பற்றி நானும் ஒருகாலத்தில் சொல்லித் திரிந்தேன்.

அவர் நியூ செஞ்சுரி புத்தக வண்டி வரும் நாளில் என்னைக் கூட்டிப்போவார். அங்கே வாங்கித் தந்த ரஷ்ய குழந்தைக் கதைப் புத்தகத்தில் எல்லா வீட்டிலும் ஒரு சமோவார் கொதித்துக்கொண்டிருக்கும். சித்தப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் கருத்து எழுதலாம் என்று மாஸ்கோ, சுபோவ்ஸ்கி புல்வார் விலாசம் இருந்தது. "சமோவார் என்றால் என்ன?" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கவரில் போட்டேன். தபால் ஆபீசில் சொன்ன ஸ்டாம்ப் விலையைக் கேட்டதும் சித்தப்பா கவரைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாசம் அனுப்பலாம் என்றார்.

பத்து வருஷம் கழித்து, திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டீக்கடை. தண்ணீர் கொதிப்பது சத்தத்தில் தெரிய உள்ளே காசு போட்டிருந்த பித்தளைப் பாய்லர் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. முதலாளி பையனிடம், "சமாவரில் வெள்ளம் ஒழிக்கடா" என்றார். மலையாளத்தில் 'தண்ணீர் ஊற்றடா'. நான் டீ கிளாசோடு அப்படியே நின்றுவிட்டேன். ஊருக்குப் போனதும் சித்தப்பாவிடம் சொன்னேன். "இதுக்குத்தான் ஸ்டாம்ப் வாங்கலை" என்று சிரித்தார்.

பெட்டியைக் கடைக்காரரிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள், பென்சில் கோடுகள் இருக்கும். கதைப் புத்தகங்களில் சமோவார் படம் போட்ட ஏதாவது அகப்பட்டால் விலை பேசுவதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள். என் பிரதியைச் சித்தி எடைக்குப் போட்டுவிட்டாள்.