சுருட்டுப் பெட்டிக்குத் தண்ணீர் வேண்டாம்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சுருட்டைப் பற்றியவை. லீவில் வந்துபோன பிள்ளைகளின் வேலையாகத்தான் இருக்கவேண்டும். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கல்லடி வாசகர்: கனடாவிலிருந்து வந்த மகன் ஒரு ஹியூமிடோரும் (சுருட்டின் ஈரப்பதன் மாறாமல் காக்கும் பெட்டி) இருபத்தைந்து கியூபாச் சுருட்டும் தந்துவிட்டுப் போனான். கிழமைக்கு ஒருதரம் உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சில் காய்ச்சி வடித்த நீர் விடச் சொன்னான், விட்டேன். மார்கழி மழை முடிந்து பார்த்தால் சுருட்டின்மேல் வெள்ளையாகப் பஞ்சுபோல ஏதோ இருக்கிறது. கூட்டாளி ஒருவர், "அது புளூம், நல்ல சுருட்டு முதிர்ந்தால் அப்படித்தான் எண்ணெய் பூக்கும்" என்கிறார். உண்மையா?

உங்கள் கூட்டாளி நல்ல மனதுக்காரர். அது பூஞ்சணம். புளூம் என்று பெருமையாகக் காட்டப்படுவதில் பெரும்பகுதி பூஞ்சணம்தான். பஞ்சுபோல எழும்பி நின்றால் இரண்டாம் பேச்சே இல்லை. சுருட்டை வெளியே சுற்றியிருக்கும் மேலிலையில் மட்டும் இருந்தால் துணியால் துடைத்துவிட்டு அந்தச் சுருட்டுகளைப் புறம்பாக வையுங்கள். பற்றவைக்கும் நுனிக்குள் தெரிந்தால் வீசிவிடுங்கள், விலையை நினைக்காதீர்கள்.

மகன் சொன்னதில் பிழையில்லை, கனடாவுக்கு அது சரி. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் காற்று கருவாட்டுப் பதத்தில் காய்ந்து கிடக்கும், ஈரப்பதன் 30 வீதத்துக்கும் கீழே போகும். சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 வரை என்பதால் பெட்டிக்குள் ஈரத்தைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். நாமோ வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருக்கிறோம். வாடைக்காற்று மழையில் வெளியே 80க்கு மேல் நிற்கும்போது பெட்டிக்குள் தண்ணீரும் விட்டால் என்ன ஆகும்? நம்மூரில் அந்தப் பெட்டிக்கு ஒரே வேலை, ஈரத்தை உள்ளே வராமல் மறிப்பது. கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் பகல் கொஞ்சம் காயும், அவ்வளவுதான்.

ஸ்பொஞ்சை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் வேலை செய்கிற பொவேடா போன்ற ஈரப்பதன் பொட்டலம் ஒன்றை வையுங்கள். ஈரம் கூடினால் இழுக்கும், குறைந்தால் விடும். எத்தனை வீதத்தில் ஈரத்தை நிறுத்தும் என்று 62, 65, 69, 72 என எண் போட்டு வரும். நம் சூட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும், 62 அல்லது 65ஐ எடுங்கள்.

நானும் முதல் பெட்டியோடு வந்த துண்டுத்தாளை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் தண்ணீர் விட்டவன்தான். பதினொரு சுருட்டை மாமரத்தடியில் புதைத்தேன். மூடியில் பதித்திருந்த வட்டமான ஈரப்பதன் மீட்டர் அந்த மூன்று மாதமும் அசையாமல் 68 காட்டிக்கொண்டிருந்தது, பிறகு பார்த்தால் முள் ஒட்டிப்போயிருக்கிறது. அதனால் மீட்டரை நம்புவதற்கு முதல் உப்பு வைத்துப் பாருங்கள். ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கடற்கரை ஈரமணல் மாதிரிக் குழையும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள், உப்பு கரைந்து ஓடக்கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஸிப் பைக்குள் வைத்து இறுக்கி மூடி ஓர் இரவு விட்டால் விடிய 75 காட்டவேண்டும். 79 காட்டினால் உங்கள் மீட்டர் நாலு கூட்டிச் சொல்கிறது, அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: மூன்று சுருட்டில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டை, அடியில் தூள். பூச்சியா?

வண்டு. இரண்டு, மூன்று மில்லிமீற்றர் நீளத்தில் செம்மண் நிறமாக இருக்கும். உங்கள் வீட்டு மல்லித்தூள் போத்தலையும் மஞ்சள் பையையும் ஒருதரம் தட்டிப் பாருங்கள், அங்கேயும் இதே ஆள் குடியிருக்கலாம். முட்டை பெரும்பாலும் புகையிலையோடேயே வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. 18 முதல் 21 பாகை செல்சியஸ் வரை வைக்கச் சொல்வதற்கு ஒரு முக்கிய காரணம், அந்தக் குளிரில் அது பொரிக்காமல் கிடக்கும் என்பது. நம் வீடுகளில் பகலில் 30ஐத் தாண்டும். ஆகவே மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஈரத்தைவிடப் பெரிய எதிரி சூடுதான்.

வைத்தியம் லேசு. ஓட்டை விழுந்ததை வீசிவிட்டு, மிச்சத்தை இரட்டை ஸிப் பையில் போட்டு ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டிலும், பிறகு மூன்று நாள் ஃப்ரீஸரிலும், திரும்ப ஒரு நாள் கீழ்த்தட்டிலும் வையுங்கள். அதன்பிறகு பை குளிர் ஆறும்வரை திறக்காதீர்கள். அவசரப்பட்டு நேரே வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும். புதிதாக வருகிற எந்தச் சுருட்டுக்கும் பெட்டிக்குள் போகமுதல் இந்தச் சடங்கைச் செய்துவிடுவது நல்லது. அதற்காக நிரந்தரமாகப் பிரிட்ஜில் குடியமர்த்த வேண்டாம், காய்ந்தும் போகும், மீன்குழம்பும் மணக்கும்.

களுவாஞ்சிக்குடி வாசகர்: நாங்கள் ஐந்து கூட்டாளிகள். ஆளுக்கொரு பெட்டி கட்டாது என்று ஒன்றாக வைக்கப் பார்க்கிறோம். மரப்பெட்டி செய்விக்கலாமா?

மரப்பெட்டிக்குக் காசைக் கொட்டாதீர்கள். உள்ளே அடிக்கிற ஸ்பானிய செடார் பெயருக்குத்தான் செடார், உண்மையில் வேம்பு, மகோகனி குடும்பம். அதற்காக நம்மூர் வேம்பில் செய்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள், மணம் சுருட்டை விழுங்கிவிடும். புது ரெஜிபோம் பெட்டி ஒன்றையோ காற்றுப் புகாத பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியையோ எடுத்து, பழைய சுருட்டுப் பெட்டியின் செடார் பலகை இரண்டை உள்ளே போட்டு, பொட்டலமும் மீட்டரும் வைத்து, வீட்டில் ஆகக் குளிர்ந்த அறையில் தரையில் வையுங்கள். மீன் வைத்த பெட்டி எவ்வளவு கழுவினாலும் ஆகாது.

ஐந்து பேர் என்றால் ஐந்து பேரும் திறப்பீர்கள், சிக்கல் அங்கேதான். வருகிறவனுக்கெல்லாம் திறந்து காட்டுவதும், "மச்சான் இங்க பாரு" என்று ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்ப்பதும் கூடாது. திறப்பு ஒருவரிடம் இருக்கட்டும். யாருடையது, எப்போது உள்ளே போனது என்று ஒரு காகிதத் துண்டில் எழுதிச் சுற்றி வையுங்கள். கியூபாப் பெட்டிகளின் அடியில் 1985இலிருந்து அடைத்த காலத்தை முத்திரை குத்துகிறார்கள், அதையும் குறித்துக்கொள்ளலாம். வாசனை ஏற்றிய சுருட்டுக்கும், கோடா என்னும் மணச்சாறு போட்ட யாழ்ப்பாணச் சுருட்டுக்கும் வேறு பெட்டி.

திருக்கோவில் வாசகர்: எங்கள் அப்பப்பா சுருட்டை மடியில் செருகிக்கொண்டு திரிந்தார். பெட்டியும் இல்லை, மீட்டரும் இல்லை. இதெல்லாம் பணக்கார விளையாட்டா?

பாதி அப்படித்தான். ஆனால் அப்பப்பா சுருட்டை வருடக்கணக்கில் வைத்திருக்கவில்லையே, கட்டு வாங்கினால் சில நாளில் முடிந்துவிடும். புகைபோட்டுப் பதப்படுத்திய யாழ்ப்பாணப் புகையிலை முரடு, கியூபா மேலிலை மாதிரிச் சிணுங்காது. வெள்ளைக்காரன் 'செரூட்' என்று சொல்வதே நம் 'சுருட்டு'தான், தெரியும்தானே.

மட்டக்களப்பு வாசகர்: புகையை விழுங்காவிட்டால் தீங்கில்லையாமே?

அது பிழை. வாய், தொண்டைப் புற்றுநோய் வர விழுங்கவேண்டியதில்லை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டின் அளவு புகையிலைகூட இருக்கும். கடிதத்தில் வயது 19 என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. நம் நாட்டுச் சட்டப்படி 21க்குக் கீழே உங்களுக்கு ஒருவரும் விற்கவே கூடாது.

கல்முனை வாசகர்: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களிடம் எத்தனை இருக்கிறது?

ஒன்பது. போன பெருநாளுக்கு வந்த மச்சான் ஒன்றை எடுத்து மூக்கில் உரசி மணந்துவிட்டு, "வேணாம்" என்று திரும்ப உள்ளே வைத்தார், அதைச் சேர்த்து.