ஏஎன்-32 மாதிரியான பழைய ராணுவப் போக்குவரத்து விமானங்களை ஏன் இன்னும் ஓட்டுகிறார்கள்? வயதானால் அவற்றில் என்னதான் கெடும்?

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பி, 29 பேருடன் வங்கக் கடலில் காணாமல் போன இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானத்தை நினைத்தால் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விமானம் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் பழுதுபார்த்துப் பூட்டுவது) முடிந்து ஓராண்டுகூட ஆகாதது. அதனால் பழமை எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். விமானத்தின் உடலில் ஏறும் வயது ஒன்று. உள்ளே பொருத்தியிருக்கும் கருவிகளின் வயது இன்னொன்று. உதிரிபாகம் வந்து சேரும் வழி நாளாக நாளாக அடைபட்டுப் போவது மூன்றாவது. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதிகம் கவலைப்படுவது மற்ற இரண்டைப் பற்றி.

உடலின் ஆயுளை மூன்று கணக்காக வைப்பார்கள்: பறந்த மணி, இறங்கிய தடவை, உற்பத்தியானதிலிருந்து ஓடிய ஆண்டு. மூன்றில் எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதுவே தீர்ப்பு. பறக்காமல் நிறுத்தி வைத்தாலும் மூன்றாவது கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பயன்படுத்தாமல் அலமாரியில் கிடக்கும் குக்கர் கேஸ்கட் இறுகிப்போவது போல, ஹைட்ராலிக் குழாய்களின் ரப்பர், எரிபொருள் டேங்க்கின் சீலன்ட், வயர்களின் மேலுறை எல்லாம் சும்மா இருந்தே கெட்டுப்போகும். ஏஎன்-32க்கு முதலில் கொடுத்த ஆயுள் 25 ஆண்டு. பிறகு அதை 40 ஆக நீட்டினார்கள்.

போக்குவரத்து விமானத்துக்கு உப்புக் காற்றுதான் பெரிய எதிரி. தாம்பரம், போர்ட் பிளேர், கார் நிக்கோபார் என்று கடலோரமாகவே சுற்றும் விமானத்தில் சரக்குத் தளத்துக்கு அடியிலும், பின் சாய்தளக் கதவின் கீல்களிலும், இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும் இணைப்புகளிலும் ஈரம் தங்கும். அலுமினியம் அரித்துச் சாம்பல் வெள்ளைப் பொடியாகும்போது, அந்தப் பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். அதனால் இரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே தகடு லேசாக உப்பி நிற்கும். சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ரிவெட் தளர்ந்திருந்தால், காற்று போகும் திசையில் அதன் பின்னால் கறுப்பாக ஒரு கோடு இழுத்திருக்கும். உலோகம் உரசி உதிர்ந்த தூள் அது. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு எடி கரன்ட், அல்ட்ராசோனிக், எக்ஸ்ரே சோதனைகள் உண்டு. தளப் பலகைகளைத் தூக்கிப் பார்க்கும் பெரிய சோதனையில், திட்டமிட்ட வேலையைவிடத் திறந்த பிறகு தெரியவரும் வேலை அதிகமாக இருக்கும். வயதான விமானம் தொழிற்கூடத்தைவிட்டு எப்போது வெளியே வரும் என்று தேதி சொல்ல முடியாததற்குக் காரணம் அதுதான்.

எஞ்சினைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். ஏஎன்-32இல் இருப்பது ஏஐ-20டி டர்போபிராப், அதாவது டர்பைனால் புரொப்பெல்லரைச் சுழற்றும் எஞ்சின். குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி ஓவர்ஹால் செய்கிறார்கள். எண்ணெயில் கலந்திருக்கும் உலோகத் துகளை அளந்து, எந்த பேரிங் தேய்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சிக்கல் ஓவர்ஹாலுக்கு வேண்டிய பாகத்தில்தான்.

இந்த விமானத்தின் தாய்வீடு உக்ரைனின் கீவ். 2009இல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களை மேம்படுத்த உக்ரைனுடன் சுமார் 40 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. 40 விமானங்களை அங்கேயும், மிச்சத்தை அங்கிருந்து வரும் கிட்களை (பாகத் தொகுப்புகளை) கொண்டு கான்பூரில் உள்ள விமானப்படை பழுதுபார்ப்பு மையத்திலும் செய்வது என்று ஏற்பாடு. 2014இல் கிரைமியா பிரச்சினை வந்ததும் கிட் வரத்து தடைபட்டது. 2022இல் முழுப் போரே வந்துவிட்டது.

பாகம் வராவிட்டால் நின்றுகிடக்கும் விமானத்திலிருந்து கழற்றிப் பறக்கிற விமானத்தில் போடுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சாமர்த்தியமாகத் தெரியும். உண்மையில் இரண்டு வேலை நான்காகிறது: கெட்டதைக் கழற்று, நல்லதைக் கழற்று, நல்லதை மாட்டு, நாளைக்குப் புதுப் பாகம் வரும்போது கொடுத்த விமானத்தில் அதை மாட்டு. ஒவ்வொரு முறையும் கனெக்டர் தேயும், சீல் மாற்ற வேண்டும், லீக் சோதனையும் இயக்கச் சோதனையும் திரும்பச் செய்ய வேண்டும். கொடுத்த விமானமோ ஆறு மாதத்தில் பாதி எலும்புக்கூடாகி நிற்கும்.

உக்ரைனுடன் ஒப்பந்தமான அந்த மேம்படுத்தலில் தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி, மோதல் தவிர்ப்புக் கருவி, செயற்கைக்கோள் வழிகாட்டி, புது ரேடார் எல்லாம் அடக்கம். நல்ல பட்டியல்தான். ஆனால் இவையெல்லாம் பெரிய ஓவர்ஹாலோடு சேர்ந்தே வரும் என்று கட்டிவைத்தது தவறு என்பது என் உறுதியான கருத்து. மேம்படுத்தும் வரிசை தாமதமானபோது உயிர்காக்கும் கருவிகளும் சேர்ந்து தாமதமாயின. 2019 ஜூன் 3 அன்று அசாமின் ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் மெச்சுகாவுக்குப் போன விமானம் அந்த வரிசைக்கு இன்னும் போகாதது. 13 பேர் இருந்தார்கள். மலைச்சரிவில் கிடந்த சிதைவைக் கண்டுபிடிக்க எட்டு நாள் ஆனது. அதில் இருந்தது பழைய ரக அவசர பீக்கன், அதாவது விமானம் விழுந்தால் இடத்தைக் காட்ட சிக்னல் அனுப்பும் கருவி. 121.5, 243 மெகாஹெர்ட்ஸ் பீக்கன்களின் சிக்னலைச் சர்வதேசச் செயற்கைக்கோள் அமைப்பு கேட்பதையே 2009 பிப்ரவரி 1 அன்று நிறுத்திவிட்டது. 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் பொருத்துவதற்கு உடலைப் பிரித்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. ஒரு ஆன்டெனா, ஒரு பெட்டி, கொஞ்சம் வயரிங். முதல் வருடமே எல்லா விமானத்திலும் போட்டிருக்க வேண்டும்.

கடல்மேல் பறப்பதற்கு அதுவும் போதாது. ரேடியோ அலை தண்ணீருக்குள் போகாது. 37.5 கிலோஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும் நீரடி பீக்கன் வேண்டும். 2016இல் தாம்பரத்து விமானத்தில் அது இல்லை. இருந்திருந்தாலும் அதன் ஒலி ஓரிரு கடல்மைல்தான் எட்டும். பழைய ரக பேட்டரி 30 நாள், புதியது 90 நாள். ஆழ்கடலில் அந்த நாட்களுக்குள், ஒலியைக் கேட்கும் கருவியைக் கேபிளில் கட்டி ஆழத்தில் இழுத்துப் போக வேண்டும். கடைசியில் சென்னை தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கி, கரையிலிருந்து சுமார் 140 கடல்மைல் தூரத்தில் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவைப் படம்பிடித்தது. 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். ஏழரை ஆண்டு அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன.

அப்படியானால் ஏன் மாற்றவில்லை? அதற்கு முந்தைய ரகமான ஏஎன்-26இன் உடலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியுள்ள எஞ்சினை வைத்ததுதான் ஏஎன்-32. லடாக்கில் காற்று மெலிந்த லே, வடகிழக்கின் குட்டை ஓடுதளங்கள், 16,000 அடிக்கும் மேலே இருக்கும் தௌலத் பேக் ஓல்டி வரை இது போய் இறங்கியிருக்கிறது. இந்த வேலையை அப்படியே எடுத்துச் செய்ய அதிக விமானங்கள் இல்லை.

இன்னொன்று, வதோதராவில் தயாராகும் சி-295 போக்குவரத்து விமானம் ஏஎன்-32க்கு மாற்று என்று பலர் எழுதுகிறார்கள். ஒப்பந்தப்படி அந்த 56 விமானங்களும் விமானப்படையின் இன்னொரு பழைய போக்குவரத்து விமானமான ஆவ்ரோவுக்கு மாற்று. ஆவ்ரோ 1961 நவம்பரில் கான்பூரில் முதலில் பறந்தது, ஏஎன்-32ஐவிட மூத்தது. அந்த மாற்றுத் திட்டத்துக்கு ஒப்புதல் 2012, ஒப்பந்தம் 2021, முதல் விமானம் 2023. பதினோரு ஆண்டு. ஏஎன்-32 எல்லாம் 1984இலிருந்து ஏழெட்டு ஆண்டுகளுக்குள் மொத்தமாக வந்தவை. மொத்தமாக வாங்கியது மொத்தமாகத்தான் கிழடாகும். 40 ஆண்டுக் கணக்கு 2030களின் தொடக்கத்துக்குள் எல்லாவற்றுக்கும் முடிகிறது. 18 முதல் 30 டன் ஏற்றும் நடுத்தர விமானத்துக்கு விமானப்படை தகவல் கேட்டதே 2022 டிசம்பரில்தான்.

பணக்கார நாடாக இருந்தால் மட்டும் இது தீர்ந்துவிடாது. ஜெர்மனி அரசின் ஏ340 விமானம் 2023 ஆகஸ்டில் அபுதாபியில் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் தகடு) மடங்காமல், இரண்டு முறை எரிபொருளைக் கொட்டிவிட்டுத் திரும்பியது. வெளியுறவு அமைச்சரின் ஆஸ்திரேலியப் பயணமே ரத்தானது. எண்ணிக்கை குறைவாக வைத்திருந்தால் ஒரு பாகம் கெட்டாலும் பதில் விமானம் கிடைக்காது.

மிச்சமிருக்கும் ஆண்டுகளில் செய்யக்கூடியது: உடல் நிலை மோசமானவற்றை இப்போதே ஓய்வுக்கு அனுப்பி, அவற்றின் பாகங்களை முறையாகச் சோதித்துக் கிடங்கில் சேர்ப்பது, மேம்படுத்தாத விமானத்தில் பயணிகளை ஏற்றிக் கடல்மேலோ மலைமேலோ அனுப்பாமல் இருப்பது, 406 பீக்கனும் நீரடி பீக்கனும் இல்லாத விமானம் தாம்பரத்திலிருந்து அந்தமானுக்குக் கிளம்பக்கூடாது என்று எழுத்தில் விதி போடுவது. முதலாவதால் விமானங்களின் எண்ணிக்கை குறையும், அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். மற்ற இரண்டுக்கும் பெரிய பணம் தேவையில்லை.