கொடி காய்ந்த பிறகுதான் பயம்

கேள்வி: செங்காந்தள் பூவைப் பார்த்ததிலிருந்து மாடியில் ஒரு கொடி வைக்க ஆசை. கிழங்கும் கிடைத்துவிட்டது. என் கணவரோ, "விஷச் செடியைக் காசு கொடுத்து வாங்குவாயா?" என்கிறார். எட்டு வயது மகளும் ஒரு நாய்க்குட்டியும் இருக்கிறார்கள். வைக்கலாமா? - ஒரு வாசகி

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் தப்பில்லை அம்மா. ஆனால் அவர் பூவைப் பார்த்துப் பயப்படுகிறார். எனக்குப் பயம் கொடி காய்ந்த பிறகுதான்.

பூத்து முடித்ததும் இலை பழுத்து, தண்டு காய்ந்து, கொடி இருந்த தடமே தெரியாமல் போய்விடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் சில மாதம் உறங்கும். பார்ப்பவர்களுக்கு அது வெறும் தொட்டி. ஒருமுறை நானே தொட்டியைக் கொட்டி, கிழங்குகளைக் கழுவி, ஈரம் போகட்டும் என்று சமையல் மேடையில் தட்டில் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அக்கா கத்தியோடு நிற்கிறாள், ஒன்றைப் பாதி சீவியாகிவிட்டது. "என்ன கிழங்குடா இது, புதுசா இருக்கே?" அன்றிலிருந்து என் கிழங்குகள் சமையலறைப் பக்கமே போனதில்லை.

இதிலுள்ள விஷம் கோல்சிசின். கௌட் என்னும் மூட்டுவலிக்கு அரை மில்லிகிராம் கணக்கில் மாத்திரையாகக் கொடுக்கிறார்களே, அதேதான். செடி முழுக்க உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேகவைத்தாலும் போகாது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுப்போக்கு. அது அடங்கினாலும் நம்பாதீர்கள், சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் அடிவாங்குவது அப்புறம்தான். ஒரு கடி கடித்தது தெரிந்தாலே, மிச்சத் துண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சரி, நடுவது. கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான். முளை நுனியில் மட்டும்தான் இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை போச்சு. கையுறை போட்டு, தண்ணீர் தேங்காத மண்ணில் மூன்று விரல் ஆழத்தில் படுக்கை வசமாக வையுங்கள். இலை நுனியே சுருண்டு பிடித்து ஏறும், அதனால் தடிக்கம்பு உதவாது, மெல்லிய குச்சியோ கம்பி வலையோ போதும். இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். விதைக்காய் பிடிக்கவே விடாமல் வாடிய பூக்களைக் கிள்ளிவிடுவது என் வழக்கம். உள்ளே சிவப்பாக உருண்டிருக்கும் விதைகள் குழந்தைகளின் கண்ணை இழுக்கும்.

எட்டு வயதுக்குச் சொன்னால் புரியும். பூ பச்சையாக விரிந்து, மஞ்சள் ஏறி, கடைசியில் முழுச் சிவப்பாவதை மகளையே தினமும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தொடுவதால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, கை கழுவினால் போதும். நாய்க்குட்டிதான் எனக்கு இடிக்கிறது. மண்ணைத் தோண்டும் ரகம் என்றால் தொட்டியின் வாயில் வலை கட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள். அதற்கு இடமில்லையா, இந்த வருஷம் வேண்டாம். பூட்டு போட்ட பெட்டியில் கிழங்கு கிடக்கட்டும்.

தொட்டியின் மேல் 'விஷக் கிழங்கு' என்று பெயின்டால் எழுதிவிடுங்கள். கொடியில் அட்டை கட்டினால் அதுவும் கொடியோடு போய்விடும்.