பட்டனை அழுத்தினால் கூட்டல் ஏன் தப்பாகிறது?

கேள்வி: 8085 மைக்ரோபிராசசர் கிட்டில் பத்து எண்களைக் கூட்டும் புரோகிராம் எழுதினேன். தனியாக ஓட்டினால் விடை சரி. ரிச்சி தெருவில் வாங்கிய புஷ் பட்டனை ஆர்.எஸ்.டி. 7.5 என்ற இன்டரப்ட் பின்னில் இணைத்து நடுவில் அழுத்தினால், எல்.இ.டி. எரிகிறது, புரோகிராமும் ஒழுங்காக முடிகிறது, ஆனால் கூட்டல் தப்பு. இன்டரப்ட் (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தும் சிக்னல்) வந்தால் பிராசசரே எல்லாவற்றையும் ஸ்டாக்கில் (மெமரியில் தற்காலிகமாக எடுத்துவைக்கும் இடத்தில்) வைத்துவிடும்தானே?
– மாணவி, தாம்பரம்

பதில்: அந்த 'எல்லாவற்றையும்'தான் சிக்கல். 8085 தானாக ஸ்டாக்கில் வைப்பது 2 பைட் மட்டுமே, அதாவது திரும்பி வரவேண்டிய முகவரி. ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஸ்டாக் பாய்ண்டர் 2795, திரும்பும் முகவரி 2015 என்றால், 2794-ல் 20, 2793-ல் 15 போய் உட்காரும், பாய்ண்டர் 2793 ஆகிவிடும். முகவரி பத்திரமாக இருப்பதால்தான் உங்கள் புரோகிராம் சரியாகத் திரும்பி வருகிறது. ஆனால் எல்.இ.டி.யை எரிக்க, இன்டரப்ட் வந்ததும் ஓடும் ரொட்டீனில், பிராசசர் கணக்குப் போடும் ஏ ரெஜிஸ்டரில் ஒரு மதிப்பைப் போட்டு 'அவுட்' கட்டளை கொடுத்திருப்பீர்கள். அதுவரை கூட்டிவைத்த தொகையும் அதே ஏ-வில்தானே இருந்தது!

கேரி வந்ததா என்பது போன்ற கணக்கின் நிலையைக் குறித்துவைக்கும் ஃபிளாகையும் மறக்காதீர்கள். 'ஆட்' முடிந்து, கேரி வந்ததா என்று 'ஜே.என்.சி.' பார்ப்பதற்குள் இன்டரப்ட் நுழைந்து, ரொட்டீனில் ஒரு 'ஏ.என்.ஐ.' (ஆண்ட் கட்டளை) இருந்தால் போதும், கேரி அழிந்துவிடும். நாமே ரொட்டீனை அழைக்கும் 'கால்' கட்டளை என்றால் எந்த வரியில் நடக்கும் என்று நமக்குத் தெரியும், இது எந்த இரண்டு வரிகளுக்கு நடுவிலும் வரலாம். அதனால் ரொட்டீனின் முதல் வரியே 'புஷ் பி.எஸ்.டபிள்யூ.' ஆகட்டும், ஏ-வும் ஃபிளாகும் சேர்ந்து ஸ்டாக்குக்குப் போகும். வேறு ரெஜிஸ்டரைத் தொட்டால் அதையும் புஷ் செய்து, கடைசியில் தலைகீழ் வரிசையில் பாப் செய்யுங்கள், அதாவது ஸ்டாக்கிலிருந்து திரும்ப எடுங்கள். ஏ-வுக்கான பாப் விட்டுப்போனால், ரொட்டீனிலிருந்து திரும்பச் சொல்லும் 'ரெட்' அந்த ஏ-வையும் ஃபிளாகையும் முகவரி என்று எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடும்.

அப்புறம் இன்டரப்டை மீண்டும் அனுமதிக்கும் 'இ.ஐ.', அதை 'ரெட்'டுக்கு நேர் மேலே வையுங்கள். அடுத்த கட்டளை முடிந்த பிறகே அது அமலுக்கு வரும் என்பதால் திரும்பிவிட்ட பிறகுதான் அடுத்த இன்டரப்ட் நுழையும். முதலிலேயே கொடுத்தால், ஒரே அழுத்தலில் பட்டனின் தொடர்பு பலமுறை பட்டுப் பட்டு விலகித் துள்ளும் ஒவ்வொரு துள்ளலுக்கும் ரொட்டீனுக்குள் ரொட்டீன் நுழைந்து ஸ்டாக் கீழே இறங்கிக்கொண்டே போகலாம்.

8086 ஃபிளாகையும் தானே வைக்கும், அதனால்தான் அங்கே 'ரெட்'டுக்குப் பதில் ஃபிளாகையும் திரும்ப எடுக்கும் 'ஐரெட்'. ஏ.ஆர்.எம். கார்ட்டெக்ஸ் எம் வகை சாதாரணமாக 8 ரெஜிஸ்டர்கள், 32 பைட் வைக்கும். உங்கள் கிட்டில் அந்த வசதி இல்லை.

திருத்தி ஓட்டிய பிறகு 2791 முதல் 2794 வரை மெமரியைப் பாருங்கள். பாப் செய்தாலும் பைட் அழியாது, பாய்ண்டர்தான் நகரும். வேறு எதுவும் மேலே எழுதாதவரை ஃபிளாக், ஏ, முகவரி எல்லாம் அங்கேயே இருக்கும்.