உணவு தாமதமாகிறது, திட்டு சர்வருக்கு விழுகிறது: எங்கே சரிசெய்வது?

கேள்வி: எங்கள் உணவகத்தில் 60 இருக்கைகள், கூடவே ஒரு சிறிய பார். வார நாட்களில் எந்தச் சிக்கலும் இல்லை. வார இறுதி இரவுகளில் மட்டும் உணவு தாமதமாகி, வாடிக்கையாளர்கள் சர்வர்களிடம் சத்தம் போடுகிறார்கள். சர்வர்கள் சமையலறையைக் குறை சொல்கிறார்கள், சமையலறை சர்வர்களைக் குறை சொல்கிறது. நல்ல சர்வர்கள் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பணிவாகப் பேசப் பயிற்சி கொடுத்தால் சரியாகுமா?

பதில்: பயிற்சி வேண்டும்தான், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். தட்டு எப்போது வரும் என்று தனக்கே தெரியாத சர்வர் எவ்வளவு பணிவாகப் பேசினாலும், கேட்பவருக்கு அது சால்ஜாப்பாகத்தான் படும். வார நாட்களில் இதே ஆட்கள் நன்றாகத்தான் வேலை செய்கிறார்கள். எனவே அவர்களுடைய சுபாவத்தில் கோளாறு தேடுவதை விட்டுவிட்டு, கூட்டம் சமையலறைக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள்.

இரண்டு வார இறுதிகளுக்கு ஒவ்வொரு ஆர்டர் சீட்டிலும் நான்கு நேரங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: ஆர்டர் எடுத்தது, சீட்டு சமையலறைக்குள் போனது, தட்டு மேடைக்கு (தயாரான தட்டுகளைச் சமையலறை எடுத்து வைக்கும் இடத்துக்கு) வந்தது, தட்டு டேபிளுக்குப் போனது. யார் மேல் தவறு என்ற சண்டை இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் இரண்டுக்கும் இடையில் இடைவெளி அதிகமென்றால், சர்வர் மூன்று நான்கு டேபிள்களின் ஆர்டரைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் ஒரேயடியாக உள்ளே கொட்டுகிறார் என்று பொருள். ஒவ்வொரு டேபிளாக எடுத்து உடனே உள்ளே அனுப்புவதுதான் அதற்கு மருந்து. நடு இடைவெளி அதிகமென்றால் தாமதம் சமையலறையில். கடைசி இடைவெளி இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், தயாரான தட்டை எடுக்க ஆளில்லை. ‘சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது’ என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. சமைத்தவர் சூடாகத்தான் கொடுத்திருப்பார். மேடையில் நின்ற நேரத்தில் ஆறியிருக்கும்.

அடுத்தது சமையலறையின் கொள்ளளவு. எல்லா அடுப்பையும் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள், அதிக ஆர்டர் குவியும் ஒரே ஓர் இடத்தைப் பாருங்கள். உங்கள் கிரில்லில் ஒரே நேரத்தில் 6 பங்கு வைக்கலாம், ஒரு சுற்றுக்கு 12 நிமிடம் ஆகும் என்றால், மணிக்கு 30 பங்குதான் வெளியே வரும். அன்றிரவு 60 பேரையும் கால் மணி நேரத்துக்குள் உட்கார வைத்து, அவர்களில் 45 பேர் கிரில் ஐட்டம் கேட்டால், கடைசித் தட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வரும். அங்கே எத்தனை சர்வர் இருந்தாலும், எவ்வளவு சிரித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே உட்கார வைக்கும் வேகத்தைச் சமையலறையின் வேகத்தோடு பொருத்துங்கள். கிரில்லில் மணிக்கு 30 என்றால், அதைக் கேட்பவர்கள் கால் மணிக்கு ஏழெட்டுப் பேருக்கு மேல் போகாதபடி டேபிள்களைத் திறக்க வேண்டும். வார இறுதிக்கு மட்டும் மெனுவைச் சுருக்கி, அந்த அடுப்பை அதிக நேரம் பிடித்துக்கொள்ளும் இரண்டு மூன்று ஐட்டங்களை எடுத்துவிடுவது இதைவிட எளிது. உரிமையாளர்கள் இதற்குத் தயங்குவார்கள். தயங்கத் தேவையில்லை: கேட்டது 25 நிமிடத்தில் வந்துவிட்டால், மெனுவில் இல்லாததை யாரும் பெரிதாகத் தேடுவதில்லை.

காலி டேபிள் கண்ணெதிரே இருக்கும்போது வாசலில் காக்க வைத்தால் கோபம் வரும் என்று நினைப்பீர்கள். காரணம் சொல்லாவிட்டால் நிச்சயம் வரும். ‘டேபிள் இருக்குங்க. ஆனா இப்பவே உட்கார்ந்தா சாப்பாடு வர ஒரு மணி நேரமாகும். 20 நிமிஷம் பார்ல இருந்தீங்கன்னா, உட்கார்ந்த அரை மணிக்குள்ள வந்துடும்’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். காத்திருப்பின் உளவியல் பற்றி மேலாண்மை அறிஞர் டேவிட் மெய்ஸ்டர் 1985-இல் எழுதியவை இன்றும் இந்தத் தொழிலில் பாடமாக இருக்கின்றன. கையில் வேலையில்லாமல் காத்திருந்தால் நேரம் நீளும். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும். காரணம் தெரியாவிட்டாலும், பின்னால் வந்தவருக்கு முதலில் கிடைத்தாலும் பொறுக்கவே முடியாது. உங்கள் வார இறுதி டேபிளில் இவை எல்லாமே சேர்ந்து நடக்கின்றன.

இதைத் தளத்தில், அதாவது வாடிக்கையாளர்கள் உட்காரும் பகுதியில், எப்படிச் செய்வது? உட்கார்ந்த ஒரு நிமிடத்துக்குள் தண்ணீரும் மெனுவும் போக வேண்டும். எல்லா சர்வரும் வேலையாக இருந்தால்கூட, கடந்து போகிறவர் ஒரு விநாடி நின்று ‘பார்த்துட்டேன், ரெண்டு நிமிஷத்துல வர்றேன்’ என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வர வேண்டும். ஆர்டர் எடுக்கும்போதே நேரத்தைச் சொல்லிவிடுங்கள். கணக்கு 25 நிமிடம் என்றால் 30 என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு தட்டு வரும் அறிகுறி இல்லையென்றால், வாடிக்கையாளர் கையைத் தூக்கும்வரை காத்திருக்காமல் சர்வரே போய்ப் புதிய நேரத்தையும் காரணத்தையும் சொல்ல வேண்டும். ‘இதோ வந்துடும் சார்’, ‘அஞ்சே நிமிஷம்’ என்ற இரண்டையும் உங்கள் கடையில் தடை செய்யுங்கள். மூன்றாவது முறை அதைக் கேட்கும்போதுதான் குரல் உயர்கிறது.

சர்வருக்குச் சரியான நேரம் எங்கிருந்து கிடைக்கும்? மேடையில் நிற்கும் ஒருவரிடமிருந்து. நெருக்கடி நேரத்தில் சமையலறைக்கும் தளத்துக்கும் நடுவே ஒரே ஓர் ஆள் நிற்க வேண்டும். சீட்டை வாசிப்பது, எந்த டேபிள் முதலில் என்று வரிசைப்படுத்துவது, தட்டைச் சரிபார்ப்பது, சர்வரைக் கூப்பிடுவது, நேரம் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு சமையல் வல்லுநர் எஸ்கோஃபியே சமையலறையைப் பிரிவு பிரிவாக ஒழுங்குபடுத்தியபோதே இதற்கென ஒரு தனி ஆள் இருந்தார். வேறு எந்த சர்வரும் உள்ளே போய் ‘என் டேபிள் என்னாச்சு?’ என்று சமையல்காரரைக் கேட்கக்கூடாது. ஆறு பேர் ஆறு முறை கேட்டால் அடுப்பில் இருப்பவரின் கவனம் சிதறும், தட்டு மாறிப்போகும். மேனேஜர் அந்த நேரத்தில் கல்லாவில் உட்காராமல் இந்த மேடைக்கு வருவது நல்லது.

இவ்வளவு செய்தும் தவறு நடக்கும். ஐட்டம் மாறும், உப்பு கூடும். அப்போது சர்வர் கையில் தீர்வு இருக்க வேண்டும். ‘மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்’ என்று போய் எட்டு நிமிடம் கழித்துத் திரும்பினால், சின்னக் குறை பெரிய அவமதிப்பாகிவிடும். ரிட்ஸ்-கார்ல்டன் விடுதிகளில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க எந்த ஊழியரும் மேலாளரைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவிடலாம் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஐட்டத்தை மாற்றித் தரலாம், அதைப் பில்லிலிருந்து எடுக்கலாம், ஒரு பானமோ இனிப்போ தரலாம், எல்லாம் சேர்ந்து ஒரு டேபிளுக்கு ஒரு முக்கிய ஐட்டத்தின் விலையைத் தாண்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால் மட்டும் மேனேஜர்.

டேபிளில் செய்யும் வரிசையும் முக்கியம். குறுக்கிடாமல் முழுவதும் கேட்க வேண்டும். கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருமுறை மன்னிப்பு போதும், ஐந்து முறை கேட்டால் செயல் எதுவும் இல்லை என்று தோன்றும். பிறகு, என்ன செய்யப்போகிறார், எத்தனை நிமிடத்தில் என்பது. கிச்சன் மேல் பழி போடவே கூடாது, வாடிக்கையாளருக்கு நீங்கள் எல்லோரும் ஒரே கடைதான். மாற்றுத் தட்டு வரிசையில் நிற்காமல் முதலில் போகும்படி மேடையில் இருப்பவரிடம் நேரில் சொல்ல வேண்டும், சீட்டை மட்டும் நீட்டினால் அது கடைசியில்தான் சேரும். மற்றவர்கள் சாப்பிட, ஒருவர் மட்டும் வெறும் டேபிளைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் மிகவும் கசப்பானது. அவருக்கு உடனே சூப் போல ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் வையுங்கள். தட்டு வந்த இரண்டு நிமிடத்தில் திரும்பிப் போய்ச் சரியா என்று கேட்க வேண்டும். கழித்த தொகை, பில் டேபிளுக்கு வரும்போதே கழிந்திருக்க வேண்டும், அவரே கேட்கும் நிலை வரக்கூடாது.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் இந்த வேகம் ஆபத்து. ஒருவர் தனக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் தட்டில் இருக்கிறது என்றால், அதை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டைத் திருப்பி வைக்கக்கூடாது. கழுவிய பாத்திரம், கழுவிய கரண்டி, புதிய சமையல்தான் வேண்டும். உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸ். அவரிடம் அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே போட உதவுங்கள். படுக்க வையுங்கள், மூச்சு வாங்கினால் கால்களை நீட்டி உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள்.

பார் பக்கத்து டேபிள்களில் சத்தம் அதிகம் என்றால் ஒரு காரணம் வெளிப்படை: உணவு தாமதமாகும்போது வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள், போதை சீக்கிரம் ஏறுகிறது. முதல் கோப்பையோடேயே கொறிக்க ஏதாவதும் தண்ணீரும் போகட்டும். உடல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு சிறிய பெக் அளவு மதுவைத்தான் கரைக்கும். காபி அதை வேகப்படுத்தாது, எனவே ‘ஒரு காபி குடிச்சா சரியாயிடும்’ என்று நம்பி மறுபடி ஊற்றாதீர்கள். நிறுத்த வேண்டி வந்தால் நண்பர்கள் முன்னால் சொல்லாமல் சற்று ஒதுங்கித் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். ‘நீங்க போதையில இருக்கீங்க’ என்று சொல்லாமல், ‘இன்னிக்கு இதுக்கு மேல என்னால தர முடியாதுங்க, தண்ணியும் சாப்பாடும் கொண்டுவர்றேன்’ என்பது போதும். உடனே மற்ற எல்லா சர்வருக்கும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் அடுத்தவரிடம் வாங்கிக்கொள்வார்.

வேலையை விட்டுப் போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் உணவைப் பற்றிக் கத்தினால் சர்வர் பொறுத்துக்கொள்ளலாம். ஆளைப் பற்றிப் பேசினாலோ, கெட்ட வார்த்தை வந்தாலோ, தொட்டாலோ அந்த இடத்திலேயே மேனேஜர் வந்து டேபிளைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் வெளியே போகச் சொல்ல வேண்டும். அந்த சர்வருக்கு ஐந்து நிமிடம் பின்பக்கம் உட்கார இடம் கொடுங்கள். வாடிக்கையாளர் முன்னால் அவரைத் திட்டிச் சமாதானம் வாங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். நல்ல ஆட்கள் அதனால்தான் போகிறார்கள்.

பயிற்சிக்கு வார இறுதியில் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் போதும்: இன்று எந்த ஐட்டம் இல்லை, எந்த அடுப்பு மெதுவாக ஓடும், எத்தனை பேர் ஒரே குழுவாக வருகிறார்கள், சொல்ல வேண்டிய காத்திருப்பு நேரம் எவ்வளவு. புகார்களுக்கு ஒரு நோட்டுப் போட்டு டேபிள் எண், ஐட்டம், நேரம், என்ன சொன்னார், என்ன செய்தோம் என்று எழுதுங்கள். எழுதியவரின் பெயரைக் கேட்காதீர்கள். கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள்.